பாவு இல்லாத தறி

“மாமா, நூல் வோணும்.”

கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம். அக்கா மகன் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். வீடு இருப்பது அம்மையார்குப்பத்தில். அவன் தலைமாட்டில் ஒரு கோணி நிறைய நூல் சிட்டம். பக்கத்தில் தார் சுற்றும் ராட்டை. பின்கட்டில் இரண்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தினால்தான் எங்கள் வீட்டில் எல்லாருமே கொஞ்சம் உரக்கப் பேசுவோம். இந்த ஊரில் ஒருத்தன் நூல் இல்லை என்று அலைவது, மெரினாவில் நின்றுகொண்டு மணலுக்கு அலைவது மாதிரி.

“எவ்ளோடா வோணும்?”

“பன்னெண்டு. நாலு நூலுக்கு ஒரு கம்பளி. மூணு கம்பளி இருந்தாத்தான் கட்டில் பண்ண முடியும். இருட்டப் போவுது மாமா, சிலந்தி வந்தா சொல்லு.”

மணி மூன்றுகூட ஆகவில்லை. வெளியே திருத்தணி வட்டாரத்துக்கே உரிய வெயில். அவனுக்கு மட்டும் இருட்டிக்கொண்டிருந்தது.

ஈஸிசேரில் இருந்த என் அப்பா காதைத் தீட்டிக்கொண்டார். குழித்தறியில் தொடங்கி விசைத்தறி வரைக்கும் வந்த கால்கள் அவருடையவை. “சிலந்திகிட்டயா நூலு கேக்கறான்?” என்றார்.

“ஆமா தாத்தா. அடிச்சா ஒண்ணோ ரெண்டோ போடும். சில சமயம் ஒண்ணும் போடாது.”

“நம்ம மொதலாளி மாதிரி” என்றார் அப்பா.

பையன் ஆடிக்கொண்டிருந்தது மைன்கிராஃப்ட். அன்றைக்கு அவனுக்குச் சிலந்தி கிடைத்தது, நூலும் கிடைத்தது. கட்டிலுக்குப் போக இரண்டு நூல் மிச்சம். “இதுல தறி கூடச் செய்யலாம் தாத்தா. மேல ரெண்டு நூலு, கீழ ரெண்டு பலகை, அவ்ளோதான்” என்று செய்தும் காட்டினான். பெட்டி மாதிரி ஒரு தறி வந்து உட்கார்ந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார்.

“பாவு எங்கடா?”

“பாவெல்லாம் கெடையாது.”

“நாடா?”

“கெடையாது. இதுல துணி நெய்ய முடியாது தாத்தா. கொடியில டிசைன் போடலாம், அவ்ளோதான்.”

அப்பா போனைத் திருப்பிக் கொடுத்தார். “நெய்யாத தறி நம்ம ஊர்லயே எத்தினியோ கெடக்குது. இதுக்கு போன் எதுக்கு?”

இந்தக் கட்டுரைக்காக நான் மூன்று மாதம் ராத்திரி ராத்திரி அந்த ஆட்டத்தை ஆடினேன். அலுவலகத்தில் ‘ஆராய்ச்சி’ என்று சொன்னேன். வீட்டில் அந்தச் சொல் எடுபடவில்லை.

ஏழு நிமிடம் இருட்டில்

ஆட்டம் தொடங்கியதும் ஒரு வெட்டவெளியில் வெறுங்கையோடு நிற்கிறோம். எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பிடிக்க வேண்டிய எதிரி இல்லை, மீட்க வேண்டிய ராஜகுமாரி இல்லை. மரம், மண், கல், நாலு ஆடு. உலகமே கட்டம் கட்டமாக, சின்னப் பிள்ளை அடுக்கிய செங்கல் மாதிரி இருக்கிறது.

வேறு வழியில்லாமல் மரத்தைக் கையால் குத்தினேன். ஒரு கட்டை விழுந்தது. ஒரு கட்டையில் நாலு பலகை. நாலு பலகையில் ஒரு வேலை மேசை. இரண்டு பலகையில் நாலு குச்சி. மூன்று பலகையும் இரண்டு குச்சியும் சேர்ந்தால் மரக் குந்தாலி. பிள்ளைகள் அதை ‘பிக்காக்ஸ்’ என்கிறார்கள். அந்தக் குந்தாலியால் கல்லை வெட்டலாம். அந்தக் கல்லால் கல் குந்தாலி. அதைக் கொண்டு இரும்பு வெட்டலாம், இரும்பு இருந்தால் வைரம். ஒவ்வொரு பொருளும் அடுத்த பொருளுக்கு ஏணி. இந்த ஏணியில் ஏறுவதைத்தான் ‘கிராஃப்டிங்’ என்கிறார்கள். சாகாமல் ஏறுவது ‘சர்வைவல்’. இரண்டும் சேர்ந்த ஆட்ட வகை இன்று உலகம் முழுக்க ஆடப்படுகிறது.

ஆட்டத்தின் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 20 நிமிடம். பகல் பத்து நிமிடம், ராத்திரி ஏழு, மிச்சம் காலையும் அந்தியும். பத்து நிமிடத்தை நான் ஒரு ஆட்டைத் துரத்துவதில் தொலைத்தேன். சூரியன் (அதுவும் சதுரம்தான்) இறங்கத் தொடங்கியபோது கையில் கட்டில் இல்லை, விளக்கு இல்லை, வீடு இல்லை. ஒரு குன்றின் பக்கவாட்டில் இரண்டு கட்டம் குடைந்து உள்ளே போய், வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு நின்றேன்.

திரை முழுக் கறுப்பு. செய்ய ஒன்றுமில்லை. மண் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு முனகல். அப்புறம் எலும்பு உரசும் சத்தம். ஏழு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டிய, வருமான வரி கட்டுகிற ஒரு ஆள், கைக்கடக்கமான ஒரு கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தான். பயம் என்று சொன்னால் மிகை. சின்ன வயதில் மின்சாரம் போன ராத்திரிகளில், தறிச் சத்தம் சட்டென்று நின்றதும் காதில் வந்து உட்காருமே ஒரு நிசப்தம், அதுதான் இது.

விடிந்ததும் மண்ணைத் தட்டி வெளியே வந்தேன். பச்சைப் புல், மெல்லிசாக ஒரு பியானோ இசை. அந்த இசையைப் போட்டவர் டேனியல் ரோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மன்காரர். எப்போது வரும் என்று சொல்ல முடியாது, இடையிடையே அது ஒலிக்கும். அந்தக் காலைக்காகவே ராத்திரியை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. இந்த வகை ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க இதில் அடங்கிவிடுகிறது. முதல் ராத்திரி நடுங்க வைத்த அதே இருட்டு, பத்தாவது ராத்திரி, நாம் கட்டிய சுவருக்குள், நாம் சுட்ட கரியில் செய்த பந்தத்தின் வெளிச்சத்தில், மழைநாள் மாதிரி சுகமாக ஆகிவிடுகிறது. வெளியே அதே முனகல்தான். மாறியது நம் சுவர்.

பசியும் உண்டு. திரையின் கீழே பத்துக் கோழிக்கால் படம். ஓடினால், குதித்தால், அடிபட்டால் ஒவ்வொன்றாகக் குறையும். புல்லைக் கிளறினால் விதை. மண்ணைக் கொத்தி விதைத்தால் கோதுமை. மூன்று கதிருக்கு ஒரு ரொட்டி. ஒரு கட்டத்தில் தண்ணீர் இருந்தால் நாலு பக்கமும் நாலு கட்டம் வரை ஈரம் போகும். ஆக ஒரு குழித் தண்ணீருக்கு 80 கட்டம் பயிர். இதைவிட ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு குழி வெட்டி, எதிரெதிர் மூலையில் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும், அது வற்றாத கிணறு. எத்தனை வாளி மொண்டாலும் நிரம்பிக்கொண்டே இருக்கும். கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் பார்ப்பதற்கு மழைக்காலம் வரை காத்திருக்கும் எங்கள் பக்கத்துக்காரர்களிடம் இதைச் சொன்னேன். “அந்தக் குழிய ஆர்.கே.பேட்டைல எங்கயாவது வெட்டச் சொல்லு” என்றார் ஒருவர்.

விழுந்த இடத்தில் ஐந்து நிமிடம்

செத்தால் என்ன ஆகும்? மறுபடி பிறக்கலாம். ஆனால் வெறுங்கையோடு. வைத்திருந்ததெல்லாம் செத்த இடத்தில் சிதறிக் கிடக்கும். ஓடிப் போய்ப் பொறுக்கிக்கொள்ள ஐந்து நிமிடம் அவகாசம். அப்புறம் மறைந்துவிடும்.

இரண்டாவது வாரத்தில் எனக்கு அது நடந்தது. ‘நேரே கீழே தோண்டாதே’ என்பது இந்த ஆட்டக்காரர்களின் முதல் பாடம். பையனும் சொல்லியிருந்தான். மாமனுக்கு மருமகன் சொல்லிக் கொடுப்பதா என்று நினைத்தேனோ என்னவோ, நேரே கீழே தோண்டினேன். காலடிக் கல் உடைந்து ஒரு பெரிய குகைக்குள் விழுந்தேன். எட்டு ராத்திரி சேர்த்த இரும்பு, ஒரு வாள், மூன்று வைரம், எல்லாம் அந்த இருட்டில். மறுபடி பிறந்து ஓடினேன். வந்த வழி மறந்துபோயிற்று. எல்லாக் குன்றும் ஒரே மாதிரி இருந்தன. ஐந்து நிமிடம் கழிந்தது எனக்கே தெரிந்தது. சுவரில் இருந்த நிஜக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதானே ஓடினேன்.

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று வைரமும் மூன்று நீலப் புள்ளிக் கூட்டங்கள்தான் என்று அறிவுக்குத் தெரியும். கைக்குத் தெரியாது. அவற்றுக்காக உட்கார்ந்த மணிநேரங்கள் நிஜம், குனிந்த கழுத்து வலி நிஜம். காலையில் பையனிடம் சொன்னேன். அவன் துக்கம் விசாரிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எத்தினி மாமா?” என்றான். “மூணு.” “போனாப் போவுது, மூணுதானே. எனக்கு ஒருவாட்டி இருவது போச்சு.”

கிரீப்பர் என்று ஒன்று உண்டு. பச்சை நிறத்தில், கையில்லாமல், நாலு குட்டைக் காலோடு சத்தமே இல்லாமல் பின்னால் வந்து நிற்கும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சீறல் கேட்கும். ஒன்றரை நொடியில் வெடிக்கும். கட்டிய வீட்டில் ஒரு சுவரும் போகும். இந்த ஆட்டத்தை உண்டாக்கிய சுவீடன்காரர் மார்கஸ் பெர்சன் பன்றி செய்யப் போய், நீளத்தையும் உயரத்தையும் மாற்றிப் போட்டுவிட்டதால் பிறந்த உருவம் அது. பிள்ளையார் பிடிக்கப் போன கதையேதான். எங்கள் வீட்டில் குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சீறல் சீறும். அப்போது பையனின் தோள் லேசாகத் துள்ளும். நான் கவனித்திருக்கிறேன். இப்போது என் தோளும் துள்ளுகிறது.

ஐந்து பேர் செய்த காடு

பெர்சன் இந்த ஆட்டத்தின் அரைகுறை வடிவத்தை 2009 மே மாதம் வெளியிட்டார். முழு வடிவம் 2011 நவம்பரில். 2014-இல் மைக்ரோசாஃப்ட் அவருடைய மொஜாங் நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் விற்பனை 30 கோடிப் பிரதிகளைத் தாண்டியதாக அறிவித்தார்கள். உலகத்தில் இதைவிட அதிகம் விற்ற வீடியோ கேம் இல்லை. கணினிப் பதிப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றியும் ஆடலாம். ஆர்வலர்கள் செய்த மொழிபெயர்ப்பு.

அதன் பின்னால் ஒரு வரிசையே வந்தது. ‘டோன்ட் ஸ்டார்வ்’ என்ற ஆட்டத்தின் பெயரே ‘பட்டினியில் சாகாதே’ என்பதுதான். 2021-இல் சுவீடனில் ஐந்து பேர் சேர்ந்து செய்த ‘வால்ஹைம்’ ஒரே மாதத்தில் 50 லட்சம் பிரதி விற்றது. நான் எங்கள் வீட்டுப் புத்தியோடு எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் முதலில் நூலைத் தேடினேன். வால்ஹைமில் ஆளி பயிரிட்டு, ராட்டையில் போட்டால் நூல் வரும். ‘டெராரியா’வில் சிலந்தி வலையைத் தறியில் வைத்தால் பட்டு வரும். கோயம்புத்தூரில் யாராவது இதைக் கண்டுபிடித்திருந்தால் சிலை வைத்திருப்போம். நான் ஆடிப் பார்த்த எதிலும் பாவுக்குக் கஞ்சி போட வேண்டியதில்லை, இழை அறுவதில்லை, அறுந்த இழையைத் தேடி முடி போட வேண்டியதில்லை. நெசவில் பாதி வேலை அதுதான்.

தமிழர்கள் இந்த உலகத்தில் வெறும் ஆட்டக்காரர்கள் மட்டுமில்லை. கனடாவின் டொரான்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அது அடுத்த ஆண்டு முதல் படைப்புக்கான பாஃப்டா விருது வாங்கியது. சர்வைவல் வகையில் சேராது. ஆனால் கிழிந்துபோன சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று தேடும் அந்த அம்மாவும், என்னைக் கேட்டால், வெறுங்கையோடு ஒரு வெட்டவெளியில் இறக்கிவிடப்பட்டவள்தான்.

பதினெட்டுக் கம்பளிக்கு ஒரு மரகதம்

ஆட்டத்தில் கிராமங்கள் உண்டு. கிராமத்தார் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில். தொழிலைத் தீர்மானிப்பது அவன் பக்கத்தில் இருக்கும் கருவி. தறி யார் பக்கத்தில் இருக்கிறதோ அவன் நெசவாளி ஆவான் என்று நான் நினைத்தேன். இல்லை. அவன் ஆட்டிடையன். நெசவாளி என்ற தொழிலே அந்த உலகத்தில் கிடையாது. தறியை வைத்துக்கொண்டு அந்த இடையன் நம்மிடம் வெள்ளைக் கம்பளி வாங்குகிறான். தொடக்க விலை 18 கம்பளிக்கு ஒரு மரகதம். ஒரே சரக்கை விடாமல் கொண்டுபோய்க் கொட்டினால் ‘போதும்’ என்று கடையைச் சாத்திவிடுவான். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறக்க மாட்டான்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோதுதான் அவருக்கு ஆட்டத்தின் மேல் முதல் தடவையாக மரியாதை வந்தது. “பதினெட்டுக்கு ஒண்ணா? பேரம் பேச முடியாதா?” என்றார். முடியாது என்றேன். “தேக்கம்னு சொல்றானா?” ஆமாம், கிட்டத்தட்ட அதேதான் சொல்கிறான். “ஆந்திராக்காரன் கம்மிக்குத் தரான்னு சொல்றானா?” அது மட்டும் சொல்லவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் தறிக்காரன் என்றால் பெரும்பாலும் கூலிக்காரன். அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆந்திர எல்லையைத் தாண்டினால் நகரி, எங்கே போனாலும் கதை ஒன்றுதான். நூல் முதலாளியுடையது. டிசைன் அவர் சொல்வது. நெய்ததும் சரக்கு அவரிடமே திரும்பும். நடுவில் வந்துபோகும் கைக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு கூலி. அதை உயர்த்தச் சொல்லி இந்த ஊர்கள் தறியை நிறுத்திவிட்டு எத்தனையோ தடவை தெருவில் உட்கார்ந்திருக்கின்றன. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் இலவசம் என்று அரசு 2023-இல் உயர்த்தியது பெரிய ஆறுதல். ஆனாலும் ஓடுகிற தறியில் ஏறுகிற பாவு நம்முடையது இல்லை.

அதனால்தான் எனக்கு அந்தப் பன்னிரண்டு நூல் மறக்கவில்லை. பையன் சிலந்தியை அடித்தான், நூல் எடுத்தான், கம்பளி செய்தான், மரம் வெட்டினான், பலகை அறுத்தான், கட்டில் செய்தான், அதில் படுத்தான். மரத்திலிருந்து மெத்தை வரைக்கும் ஒரே கை. நடுவில் யாரும் வந்து எண்ணிப் பார்க்கவில்லை, குறை சொல்லிக் கூலி பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆயிரக்கணக்கில் சேலை நெய்திருக்கிறோம். என் அம்மா கல்யாணத்துக்குக் கட்டியது கடையில் வாங்கியது.

ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை இந்தப் பசி. தரமணியில் கணினி நிறுவனத்தில் இருக்கும் என் சிநேகிதன், பகலெல்லாம் யாரோ எழுதிய நிரலில் நாலு வரி திருத்துகிறவன், ராத்திரி உட்கார்ந்து வால்ஹைமில் கூரை வேய்கிறான். “அடிச்ச ஆணி அடிச்ச எடத்துல நிக்குது பாரு, அதான்டா” என்பான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆட்டம் உழைப்பிலிருந்து ருசியை மட்டும் வடித்து எடுத்துக்கொள்கிறது. மரக் குந்தாலி 59 கல் வெட்டினால் தேய்ந்து ஒடியும், கல் குந்தாலி 131, இரும்பு 250, வைரம் 1,561. கணக்கு கச்சிதம். தேய்வதெல்லாம் கருவி. பிடித்திருக்கிற கை தேய்வதில்லை. குழித்தறியில் நாற்பது வருஷம் மிதித்த அப்பாவின் வலது முட்டிக்கு இப்படி எண் போட்டு யாரும் வைக்கவில்லை. காதும் அப்படித்தான். விசைத்தறிக்காரர்களின் காது எத்தனை வருஷம் தாங்கும் என்று பெட்டியின் மேல் எழுதியா விற்றார்கள்?

‘அதுவும் ரம்மியும் ஒண்ணா?’

அக்காவுக்கு ஒரே பயம்தான். “பக்கத்துத் தெருவுல ஒருத்தன் போன்ல வெளையாடியே கடன்காரன் ஆயிட்டான்.” அது ரம்மி. இரண்டுக்கும் பெயர் ‘கேம்’ என்றிருப்பதில் வந்த வினை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்காகத்தான் தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஆடக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாருமே ஆடக் கூடாது என்ற விதிகளை 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையே மத்திய அரசு தடை செய்தது. மண்ணைத் தோண்டி ரொட்டி சுடும் ஆட்டம் இந்தக் கணக்கில் வராது.

வராது என்பதால் கவலையே வேண்டாம் என்று அக்காவிடம் நான் சொல்லவில்லை. ஆட்டம் பிடித்த பிடியிலிருந்து மீள முடியாமல் படிப்பு, தூக்கம், சாப்பாடு எல்லாம் கெடுவதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இந்த ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. ‘இந்தச் சுவர் முடிஞ்சதும் வைக்கறேன்’ என்பான் பையன், சுவர் முடிந்தால் கூரை, கூரை முடிந்தால் வேலி. நானே ஒரு நாள் ‘விடிஞ்சதும் வைக்கலாம்’ என்று ஆட்டத்து விடியலுக்குக் காத்திருந்து நிஜமாகவே விடியவைத்திருக்கிறேன். பால்காரர் மணி அடித்தார். அக்கா போட்ட சட்டம் எளிமையானது: பின்கட்டில் தறி நின்றால் போனும் நிற்க வேண்டும். ராத்திரி எட்டு மணி. மீறினால் நூல் சுற்ற வேண்டும், நிஜ நூல்.

முந்நூற்று அறுபத்தைந்து

விடுமுறையின் கடைசி வாரம், தெருப் பையன்கள் நாலு பேர் ஒரே ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்து ஒரே உலகத்துக்குள் போனார்கள். அதில் ஒருவன் நகரியிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்தவன். ‘ரா ரா, இக்கட ராயி உந்தி’ என்று அவன் தெலுங்கில் கத்த, இவர்கள் தமிழில் பதில் கத்த, கல் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மா.பொ.சி. போன்றவர்கள் போராடி, 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. எங்கள் கூடத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்த எல்லைக்கோட்டை யார் எங்கே போட்டிருந்தாலும் பையன்களுக்குக் கவலை இல்லை. ஆட்டத்து உலகத்தில் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஆறு கோடிக் கட்டம், நடுவில் எல்லை கிடையாது.

அவர்கள் கட்ட நினைத்தது திருத்தணி மலை. முருகனின் ஐந்தாம் படைவீடு. வருஷத்தின் ஒரு நாளுக்கு ஒன்று என்று 365 படி. டிசம்பர் 31-ஆம் தேதி படிக்குப் படி பூஜை செய்து பாட்டுப் பாடி ஏறுவார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு தடவையாவது ஏறியிருக்கிறோம்.

முதல் நாளே தகராறு. படிக்கு ஒரு கட்டம் உயரம் என்று கட்டிக்கொண்டே போனார்கள். ஒரு இடத்துக்கு மேல் கல்லை வைத்தால் வைக்க வரவில்லை. வானம் முடிந்துவிட்டது. கடல்மட்டத்துக்கு மேல் அந்த உலகத்தின் உயரம் 256 கட்டம் சொச்சம்தான். “சாமி நூறு படி வெளிய நிக்கறாரு மாமா” என்று முகத்தைத் தொங்கப்போட்டான் பையன்.

விடை நகரிக்காரன் சொன்னான். முழுக் கல்லுக்குப் பதில் பாதிக் கல். மூன்று கல்லை மேசையில் வைத்தால் ஆறு பலகைக் கல் வரும், ஒவ்வொன்றும் அரைக் கட்டம் உயரம். 365 பாதி என்றால் 183-க்குள் முடியும். சாமி வானத்துக்குள் வந்துவிடுவார். அப்புறம் கணக்கு நோட்டை எடுத்தார்கள். விடுமுறையில் அது வெளியே வந்த ஒரே நாள். படியின் அகலம் ஐந்து கட்டம். ஐந்து பெருக்கல் 365, 1,825 பலகைக் கல். ஆறு ஆறாகச் செய்வதால் 915 கல் வெட்ட வேண்டும். கல் குந்தாலி ஒன்றுக்கு 131. ஏழு குந்தாலி தேயும். “சரியா வருது!” என்று ஒருத்தன் குதித்தான். இன்னொருத்தன் யோசித்தான். ஒரு குந்தாலிக்கே மூன்று கல் வேண்டுமே? ஏழுக்கு 21. அந்த 21-ஐ வெட்ட எட்டாவது குந்தாலி. எட்டாவதுக்கு இன்னும் மூன்று.

பெட்டியில் 27 அறை, அறைக்கு 64. கணக்குப்படி இரண்டு அறைச் சரக்கு வெளியே நின்றது. அதை யார் சுமப்பது என்பதில் நகரிக்கும் அம்மையார்குப்பத்துக்கும் சின்னதாக ஒரு எல்லைத் தகராறு வந்து தீர்ந்தது.

மலை முடிய ஐந்து நாள் ஆயிற்று. ராத்திரி வெளிச்சம் இல்லாத படியில் ஜோம்பி முளைக்கும் என்பதால் பத்துப் படிக்கு ஒரு பந்தம் நட்டார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் நிஜமாகவே கிருத்திகை ராத்திரி மாதிரி இருந்தது. அக்காவே எட்டிப் பார்த்து, கையை எடுக்கப் போய், சட்டென்று சிரித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உச்சியில் கொடி வேண்டும். முருகனுக்குச் சேவற்கொடி. ஆறு கம்பளி, ஒரு குச்சி, கொடி தயார். தறியில் வைத்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். தறி தருவது பட்டை, முக்கோணம், வட்டம், சிலுவை, இப்படிச் சில வடிவங்கள். மண்டையோடு இருக்கிறது, கிரீப்பர் முகம்கூட இருக்கிறது, சேவல் இல்லை. இருக்கிற வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத்தான் சேவலைக் கொண்டுவர வேண்டும். ஆறு அடுக்குக்கு மேல் தறி ஏற்காது.

நாலு பேரும் முக்கால் மணிநேரம் முயன்றார்கள். வந்தது ஒரு சிவப்பு ஆந்தை. பையன் போனைத் தூக்கிக்கொண்டு ஈஸிசேருக்குப் போனான்.

“தாத்தா, நீ கரைக்கு டிசைன் போடுவியே, சேவல் போட்டிருக்கியா?”

“மயில் போட்டிருக்கறேன். அன்னம் போட்டிருக்கறேன்.” அப்பா கண்ணாடியைத் தேடினார். “எத்தினி கட்டம்?”

“கட்டம் இல்ல தாத்தா, அடுக்கு. ஆறுதான்.”

அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய ரேஷன் கார்டுகளுக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் அடியில் இருந்து மஞ்சள் பூத்த கிராஃப் தாள் கட்டு ஒன்று வெளியே வந்தது. கரை டிசைன் போட்ட காலத்தில் மிஞ்சியது. நான் கடைசியாக அதைப் பார்த்தது பள்ளிக்கூட வயதில். அப்பா பென்சிலைச் சீவி, தறியில் இருக்கும் வடிவங்களைப் பையன் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, ஓரத்தில் வரைந்து வைத்துக்கொண்டார். அப்புறம் தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“கொண்டைக்கே ரெண்டு போயிடும்டா.”

“அப்போ வாலு?”

“வாலு எதுக்கு? கீழ இருந்து பாக்கறவனுக்கு கொண்டையும் மூக்கும் தெரிஞ்சா சேவல்தான். முக்கோணத்த தலகீழா போடு. இப்போ மஞ்சள வை. இரு இரு, அத மேல வைக்காத, அடியில வை. கலரு அடியில இருந்துதான் ஏறணும்.”

பின்கட்டில் தறி நின்றது. மணி எட்டு. அக்கா சமையலறையில் இருந்து பையன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“இரும்மா, ஓட்டிக்கினு இருக்கோம்” என்று அப்பா பதில் கொடுத்தார்.